கரும்பலகையில் நான் எழுதாத பெயர்

1

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு நாற்பதுக்கு வீடு திரும்பியபோது, கதவுக்குக் கீழே, நெய்வேலிக்குப் பக்கத்துக் கிராமமான வடக்குத்தின் தபால் முத்திரையோடு ஓர் ஏர்மெயில் கிடந்தது. மூன்றாம் நாள்தான் பிரித்தேன். அதற்கு நான் ஏன் பயந்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு. நெய்வேலியில் என்னைத் தெரிந்தவர்கள் பலர் இந்தப் பத்திரிகையை வாசிப்பார்கள். தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து எழுதுகிறேன்.

நான் இருப்பது மேற்கு ஜெர்மனியில், ரைன் நதிக்கு மேற்கே, பழுப்பு நிலக்கரி எடுக்கும் ஓர் ஊர். வயது நாற்பத்தேழு. கன்வேயர் பெல்ட் அறுந்தால் ஒட்டிக் கொடுப்பது வேலை. நெய்வேலியிலும் அதுதான் வேலை. இங்குள்ள சுரங்கத்தில் பார்ப்பதற்குப் பெரிதாக எதுவும் மாறவில்லை. மண்ணை வாரும் அதே ராட்சதச் சக்கரம், அதில் அதே பக்கெட்டுகள், மூக்கில் அதே கறுப்பு. வெயிலுக்குப் பதில் பனி. காலை ஐந்து நாற்பதுக்கு ஷிப்ட் பஸ். நான் எப்போதும் இடது ஜன்னல் ஓரத்தில் உட்காருவேன். பக்கத்தில் உட்காருபவர் வலது பக்கம் இருந்தால்தான் அவர் பேசுவது எனக்குக் கேட்கும். இடது காது கேட்காது.

இங்கே வந்து சேர்ந்தபோது வெளிநாட்டினரைப் பதியும் அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். உடல் குறை உண்டா, எப்படி நேர்ந்தது என்று ஒரு கேள்வி. 'சுரங்க விபத்து' என்று எழுதினேன். என் கையால் நான் எழுதிய முழுப் பொய் அது ஒன்றுதான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

காது போனது நெய்வேலியில், ஷிப்ட் பஸ் நிறுத்தத்தில், மொழிப் போராட்டம் நடந்த அந்தத் தை மாதத்தில் ஒரு விடியற்காலை. அடித்தவர் பெயர் கலியமூர்த்தி. கடிதம் அவருடையது.

2

நெய்வேலிக் குடியிருப்பில் எங்கள் பிளாக்கில் கிளப் ரேடியோ ஒன்று இருந்தது. இரவு ஏழேகாலுக்கு டில்லியிலிருந்து தமிழில் செய்தி வரும். வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் குறைவு. இரண்டு மணி ஷிப்டுக்குப் போனவர்களுக்குச் செய்தி கிடைக்காது; அதிகாலை ஷிப்டுக்காக ஏழு மணிக்கே படுப்பவர்களுக்கும் கிடைக்காது. அதனால் ஒரு வழக்கம் ஏற்பட்டது. நான் ரேடியோவின் பக்கத்தில் உட்கார்ந்து செய்தியைக் குறித்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்தில் இருந்த கரும்பலகையில் எழுதி வைப்பேன். விடியற்காலை பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதைப் படிப்பார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒருவர் உரக்கப் படிப்பார்.

செய்தியை யாரும் அப்படியே நம்பியதில்லை. டில்லிக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் 'மாமியார்'.

"மாமியாரு இன்னா சொல்றா இன்னிக்கி?"

"மருமவ நல்லாத்தான் கீறாளாம். பசியே இல்லியாம்."

சட்டசபைத் தேர்தல் வந்தபோது வேடிக்கை போய்விட்டது. ஆளும் கட்சிக்காரர்கள், நான் அவர்கள் தலைவர் பேசியதைச் சுருக்கிவிட்டேன் என்றார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள், தங்கள் கூட்டத்துக்கு வந்த ஆயிரக்கணக்கான பேரை நான் விழுங்கிவிட்டேன் என்றார்கள். ஒரு நாள் பலகைக்கு முன்னால் பெல்ட்டைத் தாங்கும் ரோலர் இரும்பால் ஒருவர் மண்டையை இன்னொருவர் பிளந்தார். மறுநாள் நான் பலகையின் தலையில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு வரி எழுதினேன்: 'வானொலியில் சொன்னது மட்டும்.' கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. பிடிக்காவிட்டால் வானொலியைத் திட்டிக்கொள்ளலாம், என்னை அல்ல.

அந்த விதி மூன்று ஆண்டுகள் சண்டை வராமல் காத்தது. அதில் எனக்குப் பெருமை உண்டு. இரண்டு கட்சிக்காரர்களும் என்னை 'சவரி அண்ணே' என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள்.

3

அந்தத் தை மாதம் கிளப் ரேடியோவின் வால்வு ஒன்று போய்விட்டது. மெட்ராஸிலிருந்து பார்சலில் புதியது வந்தது. அதை வாங்கப் பக்கத்து ரயில் நிலையத்துக்குப் போனேன். பார்சல் ஆபீஸ் ஜன்னலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மணி நான்கு ஐந்து.

இருநூறு பேர் அளவில் ஊர்வலமாக வந்தார்கள். கல்லூரி மாணவர்கள் பாதி, சுற்றுவட்டார ஆட்கள் பாதி. பிளாட்பாரத்தின் கோடியில் இருந்த பெயர்ப்பலகையில் இந்தி எழுத்துகளைத் தாரால் அழிப்பதுதான் அவர்கள் நோக்கம். அப்போது ஊர் ஊராக நடந்துகொண்டிருந்த விஷயம். தார்ச் சட்டியோடு பலகையின் சிமென்ட் திண்டில் ஏறியவரை எனக்குத் தெரியும். கோவிந்தசாமி, இருபத்திரண்டு வயது. வடக்குத்து. எங்கள் பெல்ட் பிரிவில் காண்ட்ராக்டில் ரோலர் தூக்குபவர். அவர் அண்ணன்தான் கலியமூர்த்தி. அவரும் காண்ட்ராக்ட்தான், ஆனால் பர்மனென்ட் பட்டியலில் பெயர் ஏறியிருந்தது.

நான் பார்த்ததைப் பார்த்த வரிசையில் எழுதுகிறேன்.

நான்கு எட்டு: விசில். போலீஸார் லத்தியோடு கூட்டத்துக்குள் இறங்கினார்கள். முன்வரிசையில் சைக்கிள் பிடித்தபடி நின்ற ஒருவரின் பற்கள் சிமென்ட் தரையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. கீழே விழுந்த மாணவன் ஒருவனை மூன்று பேர் சுற்றி நின்று அடித்தார்கள், அவன் கை வைத்துத் தலையை மறைத்தான், கையில் அடித்தார்கள், கை விழுந்தது, தலையில் அடித்தார்கள். அதுவரை ஒரு கல்லும் வரவில்லை. நான் ஜன்னலில் இருந்தேன், வந்திருந்தால் பார்த்திருப்பேன்.

நான்கு பத்து: கோவிந்தசாமி கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடைசி எழுத்துக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். துப்பாக்கிச் சத்தம் ஐந்து. அவர் பலகையின் மேலேயே சாய்ந்து, தாரோடு வழுக்கிக் கீழே வந்தார். குண்டு இடது தோள்பட்டைக்குக் கீழே, முதுகில். கையில் இருந்தது பிரஷ். வேறு இரண்டு பேர் விழுந்தார்கள். அவர்களில் ஒருவர் அசையவில்லை.

நான்கு பதினைந்து: அதற்குப் பிறகுதான் தண்டவாளத்து ஜல்லிக் கற்கள் பறந்து வந்தன. ஒரு கான்ஸ்டபிளின் கண் போனது. பார்சல் ஆபீஸ் வாசலில் இருந்த சணல் கட்டுகளுக்கு யாரோ தீ வைத்தார்கள். போர்ட்டர் என்னைப் பின்வாசல் வழியாக இழுத்துப் போனார். வால்வுப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். உடையவில்லை.

ஏழு மணிக்கு வால்வைப் பொருத்தினேன். ரேடியோ நன்றாகவே பாடியது. ஏழேகாலுக்குச் செய்தி. நான் போய்வந்த நிலையத்தின் பெயரும் வந்தது: விஷமிகள் கல்லெறிந்து ரயில் நிலையத்தில் தீ வைத்ததை அடுத்துப் போலீஸார் தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது, ஒருவர் காயமடைந்தார், நிலைமை கட்டுப்பாட்டில் உள்ளது.

கல் வந்தது உண்மை. தீ உண்மை. சுட்டதும் உண்மை. விழுந்த மூவரை ஒருவராக்கி, வரிசையைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அதைத் திருப்பியதும், சுடப்பட்டவர் குற்றவாளி ஆகிவிட்டார்.

கிளப்பில் ஒருவர் கேட்டார்: "அண்ணே, நீங்க ஸ்டேஷனுக்குப் போயிருந்தீங்களே. இன்னா ஆச்சி?"

"போர்டுல எழுதறேன், படிச்சிக்க" என்றேன்.

எழுதினேன். கேட்டதைக் கேட்டபடி, ஒரு சொல் மாறாமல். என் வாழ்க்கையில் அதைவிடத் தெளிவான கையெழுத்தில் நான் எதையும் எழுதியதில்லை. சட்டையில் புகை நாற்றம் இருந்தது. எழுதி முடித்த பிறகுதான் கழற்றினேன்.

4

கோவிந்தசாமி இரவு இறந்துவிட்டார். எனக்குத் தெரியாது. விடியற்காலை ஐந்து இருபதுக்கு நான் பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது கலியமூர்த்தி பலகைக்கு முன்னால் நின்றிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார். வேட்டியில் தாரும் ரத்தமும் சேர்ந்து காய்ந்திருந்தன. ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் கூட இருந்தார்கள். ஷிப்ட் ஆட்கள் முப்பது பேர் ஒதுங்கி நின்றார்கள். யாரோ அவருக்குப் பலகையைப் படித்துக் காட்டியிருந்தார்கள்.

"நீங்களாண்ணே எழுதுனது?"

"ஆமா."

"நீங்க நேத்து அங்கயே இருந்தீங்கனு போர்ட்டரு சொன்னான். நெசமா?"

"இருந்தேன்."

"எங்க தம்பி கல்லு உட்டானா?"

"இல்ல."

"தீ வெச்சானா?"

"இல்ல. அவன் விழுந்த பெறகுதான் தீ."

"அப்ப இது இன்னாது?"

"அது ரேடியோ சொன்னது. நான் சொன்னதில்ல, கலியமூர்த்தி. மேல எழுதியிருக்குது பாரு."

அவர் மேலே பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். அதுவரை என்னை 'நீங்க' என்றே பேசிவந்தவர்.

"கையி உன்னுது தான? அவன் செத்துட்டான். பேர எழுது. கோவிந்தசாமின்னு எழுது. முதுவுல சுட்டாங்கன்னு எழுது. எழுதிட்டுப் போ, நான் ஒண்ணும் கேக்கல."

ஷிப்ட் ஆட்கள் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று எழுதினால் நாளை இன்னொருவர் வருவார், அடுத்த நாள் ஒரு கட்சி வரும், பலகை பழையபடி சண்டைக்களமாகும் என்று என் மனத்தில் ஓடியது. அதை நான் யோசித்தேன் என்பதை மறைக்க முடியாது.

"ரேடியோ சொல்லட்டும், எழுதறேன்" என்றேன்.

முதல் அடி கையால். தாடையில். நான் பலகையின் மேல் சாய்ந்தேன். அது காலோடு பெயர்ந்து விழுந்தது. அதன் சட்டத்திலிருந்து ஒரு தேக்குக் கட்டையை அவர் பிடுங்கினார். அதில் ஆணிகள் இருந்தன. இரண்டாவது அடி இடது காதில் விழுந்தது. அதன் பிறகு அந்தப் பக்கத்தில் ஒலி எதுவும் இல்லை. வலது காதால் கேட்டேன், அவர் ஒவ்வொரு அடிக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்: "இத எவன் சொல்லுவான்? இத எவன் சொல்லுவான்?" நான்கு பற்கள் வாயில் கழன்று கிடந்தன. முப்பது பேரில் ஒருவர் மட்டும் "போதும் வுடுப்பா, செத்துடப் போறாரு" என்றார். அவரும் கிட்டே வரவில்லை.

போலீஸ் வேன் வந்தது. நான் தரையில் கிடந்தபடி பார்த்தேன். கலியமூர்த்தி கட்டையைக் கீழே போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஓடவில்லை. அவரை மண்டியிட வைத்து, வலது கையைச் சாலையில் விரிக்கச் சொல்லி, லத்தியின் பூண் போட்ட முனையால் விரல்களின் மேல் குத்தினார்கள். ஐந்து விரல்கள். அவர் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

5

ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பியால் கட்டியிருந்ததால் பேச முடியாது. ஏட்டு ஒருவர் பேப்பரும் பேனாவும் கொண்டுவந்தார். நானே எழுதினேன். முதல் பத்தி: கலியமூர்த்தி என்னை அடித்தார், இன்ன நேரம், இன்ன கட்டை. இரண்டாவது பத்தி: ரயில் நிலையத்தில் நான் பார்த்தது, நேர வரிசையில்.

ஏட்டு நிதானமாகப் படித்தார். நல்ல மனிதர்தான்; என் தலையணையைச் சரிசெய்தார்.

"சார், ரெண்டாவது பாரா வேற கேஸு. வேற ஸ்டேஷன் லிமிட்டு. இதுல சேக்கக் கூடாதுங்க. அத தனியா அங்க போயி குடுங்க."

எல்லை வேறு என்பது சரியாகத்தான் பட்டது. இரண்டு விஷயங்களை ஒரே தாளில் கலப்பது எனக்கும் பழக்கமில்லை. முதல் பத்தியை மட்டும் சுத்தமாகப் படியெடுத்துக் கையெழுத்துப் போட்டேன். தனியாகப் போய்க் கொடுக்க வேண்டியதை, உடம்பு தேறட்டும் என்று தள்ளிப்போட்டேன். பிறகு, முன்பே மனுப் போட்டிருந்த ஜெர்மனி வேலைக்கு உத்தரவு வந்தது.

கலியமூர்த்திக்கு ஒன்பது மாதம் சிறை. பர்மனென்ட் பட்டியலில் அவர் பெயர் அடிக்கப்பட்டது. கோவிந்தசாமி பெயர் தீவைப்பு வழக்கில், இறந்துபோன முதல் எதிரியாக இன்றும் இருக்கிறது. இறந்தவரின் தாய்க்கு நஷ்டஈடு கேட்டு ஒரு மனு கொடுக்கக்கூட வழியில்லை.

நான் கையெழுத்திட்ட தாளில் ஒரு பொய்யும் கிடையாது. டில்லிச் செய்தியிலும் தனித்தனியாக எடுத்தால் பொய் குறைவுதான்.

6

சென்ற ஆண்டு ஏப்ரலில் என் மகள் பிலோமினா முகத்தில் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்தாள். வயது பத்தொன்பது. இங்கே அவள் பெயர் மீனா. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். இங்கே வந்த பிறகு தமிழ்ப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. பக்கத்துப் பெருநகரத்தில் மாணவர் ஊர்வலம். குதிரைப் போலீஸார் புகுந்திருக்கிறார்கள். புருவத்துக்கு மேல் எலும்பு தெரிந்தது. நான் அழுத்திப் பிடித்திருந்தேன். என் மனைவி ஆரோக்கியமேரி துணி கிழித்துக்கொண்டிருந்தாள். எட்டு மணி டெலிவிஷன் செய்தி ஓடியது: கூட்டத்தினர் பாட்டில்களை வீசியதை அடுத்துப் போலீஸார் தலையிட்டார்கள்.

"இல்லப்பா" என்றாள் மகள். கோபத்தில் தமிழ் வந்துவிட்டது. "மொதல்ல எங்கள அடிச்சாங்க. அப்புறம்தான் பாட்டிலு. நான் பாத்தேன்."

அழுத்திப் பிடிப்பதை மறந்துவிட்டேன்; ரத்தம் அவள் கண்ணுக்குள் இறங்கியது. அன்றுதான் ரயில் நிலையத்தில் நடந்ததை அவளுக்குச் சொன்னேன். முதல் முறை. ஒரு கண்ணை மூடியபடி முழுவதும் கேட்டாள்.

"இத யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்ல."

"மூணு வருஷமாவா?"

பிறகு ஜெர்மனில் ஒரு சொல் சொல்லிவிட்டு எழுந்து போனாள். எனக்குத் தெரியாத சொல். அகராதியில் பார்த்தேன். கோழை என்று போட்டிருந்தது. மறு மாதம் அவள் தனி அறை எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போய்விட்டாள்.

7

ஆறு பக்கத்தில் வாக்குமூலம் எழுதினேன். சத்தியம் செய்து முத்திரை வாங்க ஒரு நோட்டரியிடம் போனேன். அவசரத்தில் அவரை 'நீ' என்று சொல்லிவிட்டேன். இந்த மொழியில் அது பெரிய அவமரியாதை. என்னை நாற்பது நிமிடம் வெளியே உட்காரவைத்தார். தமிழில் இருப்பதற்கு முத்திரை போட மாட்டேன், மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார். மொழிபெயர்ப்பாளர் 'தார்' என்பதை 'கறுப்புப் பெயிண்ட்' ஆக்கினார். திருத்த மூன்று வாரம். நம் நாட்டு ஆட்கள் வேலை செய்யும் ஓர் அலுவலகத்தில் ஒருவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஜூலையில பாஸ்போர்ட் புதுப்பிக்கணும் இல்லையா? இதெல்லாம் எதுக்கு சார் இப்போ?"

வீட்டில் மனைவியும் அதையேதான் கேட்டாள். "உங்களுக்கு இன்னாத்துக்குங்க? பாஸ்போர்ட்டப் புடுங்கிக்கினா எங்கம்மா சாவுக்குக்கூட நான் போவ முடியாது. அடி வாங்கனது நீங்க. ஜெயிலுக்குப் போனது அவுரு. தீந்துபோச்சி. வுடுங்க."

விடவில்லை. வாக்குமூலத்தைக் கலியமூர்த்திக்கு அனுப்பினேன். அதற்குத்தான் செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. எழுத்துகள் சாய்ந்து கோணிக் கிடந்தன. வலது கை மடங்குவதில்லை, ஜெயிலில் இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டேன் என்று மேலே ஒரு வரி. மீதியை அப்படியே தருகிறேன்.

"அண்ணே, காயிதம் வந்துச்சி. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், பள்ளிக்கூடத்து வாத்தியார வுட்டுப் படிக்கச் சொல்லி எங்கம்மா மூணு தடவ கேட்டுச்சி. முதுவுலன்னு வர எடத்துல அழுவுது, மறுபடியும் அதையே படிக்கச் சொல்லுது. வக்கீலு இனிமே கேஸு இல்லன்றாரு. அப்ப இத நான் வூட்ல வெச்சிக்கினு இன்னா பண்றது? நீ அன்னிக்கி ஊரே படிக்கறாப்புல எழுதுன. எனக்கு மட்டும் ரகசியமா எழுதுற. இதையும் ஊரு படிக்கறாப்புல போடு. அவன் பேரப் போடு. உன் பேரப் போடு. நான் உன்ன அடிச்சதையும் போடு, வுட்டுடாத. மன்னிச்சிட்டேன்னு மட்டும் போட்டுடாத."

ஆசிரியர் அவர்களுக்கு: மேலே உள்ள ஏழு பகுதிகளையும் எழுதியிருக்கும் வரிசையிலேயே அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நீளம் அதிகம் என்றோ, போலீஸைப் பற்றிய வரிகள் வேண்டாம் என்றோ, என்னை அடித்த பகுதி பத்திரிகைக்குப் பொருந்தாது என்றோ தோன்றினால் ஒரு வரியையும் வெட்ட வேண்டாம். எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடுங்கள், வேறு பத்திரிகைக்கு அனுப்புகிறேன். புனைபெயர் வேண்டாம். இது யார் சொன்னது என்று யாராவது கேட்டால், நான் சொன்னது.

அ. சவரிமுத்து
முன்னாள் போர்மேன், கன்வேயர் பெல்ட் பிரிவு, நெய்வேலி